தண்ணீரின் குற்றம் என்ன?

தூய வெள்ளிநீர் நலச் சங்கத்தின் பன்னிரண்டு வருட வரலாற்றில் வெள்ளி ஒரு தப்பும் செய்ததில்லை. செய்ததெல்லாம் தண்ணீர். வயிற்றைப் புரட்டுகிறதா, தண்ணீர். நாக்கில் கசக்கிறதா, தண்ணீர். நகம் சாம்பல் நிறமாகிவிட்டதா, அடடா, எந்தக் குழாயில் பிடித்தீர்கள்? இதை விசாரிப்பதற்கென்றே அங்கே மூன்று அறைகளும், ஒரு கூடமும், பதினொரு பேர் கொண்ட நீர்க் குழுவும், நான்கு ரப்பர் முத்திரைகளும் இருந்தன. அப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலை, கையில் அமிலக் கறையும் மனதில் ஏகப்பட்ட எரிச்சலுமாக, பேட்டரிக்காரர் தன் அக்காவுக்காகப் போய் நின்றார்.

லாரிக்கும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரி பார்ப்பது அவர் தொழில். முப்பது வருடமாக பேட்டரிகளின் வாயைத் திறந்து காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி மூடுகிறவர். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பேட்டரி செத்துப்போகும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அக்கா துணி திருத்தும் தையல்காரி. பெரியதைச் சிறியதாக்குவாள், நீளத்தைக் குறைப்பாள், கிழிந்தது தெரியாமல் சேர்ப்பாள். நான்கு வருடங்களுக்கு முன் தொண்டைக் கட்டு ஒன்று மூன்று மாதம் விடாமல் படுத்தியபோது, யாரோ அவளைச் சங்கத்தின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். வரும்போது ஒரு டப்பாவோடு வந்தாள். டப்பா மூடியில் இரண்டு வெள்ளிக் கம்பிகள். அவற்றை ஒரு டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு, மூன்று சின்ன பேட்டரிகளை மாட்டி, காத்திருந்து, அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். வெளியில் இதற்குக் கூழ்ம வெள்ளி என்று பெயர். சங்கத்தில் வெள்ளிநீர். அக்காவின் தொண்டைக் கட்டு தானாகப் போக வேண்டிய வேளையில் தானாகப் போனது. பெயர் வெள்ளிக்குக் கிடைத்தது.

அந்தச் சின்ன பேட்டரிகள் தம்பியின் கடையிலிருந்துதான் போயின. மாதம் மூன்று. பேட்டரி ஏதோ கடிகாரத்துக்கு, கூடவே அவள் கேட்ட காய்ச்சி வடித்த தண்ணீர் இஸ்திரிப் பெட்டிக்கு என்று நினைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கடிகாரம் மாதம் மூன்று பேட்டரி தின்னும் என்று பேட்டரி விற்கிற மனுஷன் நான்கு வருடமாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சங்கத்தின் மேல் இருந்த கோபத்தில் பாதி அவருக்குத் தன் மேலேயே இருந்தது.

முதலில் நகங்களின் அடி சாம்பலானது. பிறகு ஈறு. பிறகு முகம், பென்சில் கரியைத் தேய்த்துத் துடைத்த காகிதம் மாதிரி. போன மாதம் கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை திருத்தக் கொண்டுவந்த ஒரு பெண், "கையக் கழுவிட்டுத் தொடுங்கம்மா" என்றாள். அக்கா போய்க் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாம் தடவையும் கழுவினாள். மூன்றாம் தடவை கழுவிவிட்டு வந்தபோது அந்தப் பெண் சட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

தோல் டாக்டர் பூசி மெழுகவில்லை. "இது வெள்ளி. தோல்ல தங்கிடுச்சு. போகாது. இன்னைக்கே நிறுத்தினா இதுக்கு மேல ஏறாது, அவ்வளவுதான். வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

அக்கா டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். வெளியே வந்ததும் தம்பியிடம் சொன்னாள். "அவருக்கு வெள்ளிநீரப் பத்தி என்னடா தெரியும்? தண்ணில ஏதோ கோளாறு. சங்கத்துல நிறுத்துன்னு சொல்லட்டும், அந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

இது அக்காவோடு போயிருந்தால் பேட்டரிக்காரர் இன்னும் கொஞ்ச நாள் மென்று முழுங்கியிருப்பார். ஆனால் அடுத்த திங்களிலிருந்து அவர் மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள். எட்டு மாதப் பேத்தியைப் பகலெல்லாம் அக்காதான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். பிள்ளை இல்லாத அக்கா, அந்த மகளையும் அப்படித்தான் வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது அக்கா ஒரு குட்டி ஸ்பூனை வெந்நீரில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம குட்டிக்கு. தினம் அரை ஸ்பூன் போதும். சளி கிளின்னு எதுவும் கிட்ட வராது."

குழந்தையை அக்காவிடம் விடாதே என்று மகளிடம் சொல்லலாம். சொன்னால் அக்கா அதற்கப்புறம் யாரோடும் பேசமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, சங்கத்திடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டும்: இவர் வெள்ளிநீர் குடிப்பதை நிறுத்தலாம். அதை வாங்க அவருக்கு ஒரு வாரம் இருந்தது.

முகப்பு மேஜையில் இருந்த பெண் அவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். நாற்பத்தொரு கேள்விகள். தண்ணீர் எங்கே பிறந்தது? எத்தனை முறை குழாய் மாறியது? வரும் வழியில் துருவோடு சகவாசம் உண்டா? பிடித்த பாத்திரத்தின் முந்தைய தொழில் என்ன? வீட்டில் தண்ணீர் இருக்கும்போது யாராவது சண்டை போட்டார்களா? கடைசியில் பெரிதாக ஒரு கட்டம்: தண்ணீரின் குற்றம் என்ன?

அவர் அந்தக் கட்டத்தில் 'வெள்ளி' என்று எழுதிக் கொடுத்தார். பெண் அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டில் கல்லைக் கடித்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"சார், இது தண்ணியோட கட்டம். இதுல வெள்ளின்னு எழுதக் கூடாது."

"வெள்ளிக்குக் கட்டம் எங்க இருக்கு?"

"வெள்ளிக்குக் கட்டம் கிடையாது."

"ஏன்?"

"யாரும் எழுதினதில்ல சார்."

"எழுத இடமே இல்லாம எப்படிம்மா எழுதுவாங்க?"

"அதான் சொல்றேன், யாரும் எழுதல" என்று அவள் பொறுமையாக விளக்கி, 'வெள்ளி' என்பதை அடித்து, 'தெரியவில்லை' என்று எழுதி, நான்கு முத்திரைகளையும் குத்தினாள். "நீர்ப் பார்வையாளர் புதன்கிழமை வீட்டுக்கு வருவாரு. அதுவரைக்கும் தண்ணிய யாரும் மிரட்ட வேண்டாம்."

புதன்கிழமை நீர்ப் பார்வையாளர் வந்தார். வெள்ளைக் கையுறை, தோளில் தோல் பை, கழுத்தில் மீட்டர். கையுறையை அவர் கடைசிவரை கழற்றவில்லை. அக்கா புதுத் துணி விரித்த நாற்காலியைப் போட்டாள். அவர் அதில் உட்காராமல் நேராகச் சமையலறைக்குள் போய்க் குழாயை முறைத்தார். திறந்து சத்தம் கேட்டார். மூடி, சொட்டுகிறதா என்று பார்த்தார். சொட்டியது. குறித்துக்கொண்டார்.

"ஆரம்பத்துல இந்தத் தண்ணியாம்மா?"

"ஆமாங்க. முதல் ஆறு மாசம். ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன். சீக்கிரம் தயாராகும்னு கையேட்டுல இருந்துச்சே."

பார்வையாளரின் முகம் இருண்டது. ஏற்கனவே கொஞ்சம் இருண்ட முகம்தான். "பழைய கையேடா? அதுல உப்பு போடச் சொல்லியிருக்கும். புதுக் கையேட்டுல உப்பு கொலைகாரன்னு தெளிவா போட்டிருக்கோம். குழாய்த் தண்ணியும் உப்பும் சேர்ந்தா வெள்ளி பால் மாதிரி திரிஞ்சிடும். அதான் உங்க நிறம்."

"அப்ப தப்பு உங்க கையேட்டுலதானே?" என்றார் பேட்டரிக்காரர்.

"பழைய கையேட்ட நாங்க திரும்ப வாங்கிட்டோம் சார். வாங்கினதால அது இப்ப இல்ல. இல்லாத கையேட்டப் படிச்சு ஒருத்தர் உப்பு போட்டா, சங்கம் என்ன பண்ணும்?"

பேட்டரிக்காரர் தன் கடையிலிருந்து வந்த காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேனைக் காட்டினார். மூன்றரை வருடமாக அக்கா இதைத்தான் பயன்படுத்துகிறாள், நிறம் ஏறியதெல்லாம் இந்த மூன்றரை வருடத்தில்தான். "இதுல உப்பு இல்ல, குளோரின் இல்ல, ஒண்ணுமே இல்ல. பாருங்க."

மீட்டர் பூஜ்யம் காட்டியது. பார்வையாளர் மீட்டரைத் தட்டினார். மறுபடி பூஜ்யம். தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை என்றதும் மனிதருக்கு வியர்த்துவிட்டது. கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கடைசியில் ஒரு வரியின் மேல் விரல் வைத்து, போன உயிர் திரும்பியது போல மூச்சு விட்டார்.

"பேட்டரிக்கு மட்டும்னு போட்டிருக்கே!"

"அது யாரும் குடிக்கக் கூடாதுன்னு போட்டது. தண்ணி அதே தண்ணிதான்."

"அது உங்களுக்குத் தெரியும் சார். தண்ணிக்குத் தெரியுமா? பேட்டரிக்குப் போறோம்னு கிளம்பி வந்த தண்ணி, திடீர்னு மனுஷ வயித்துக்குள்ள போனா நல்ல மனசோட வேலை செய்யுமா? சொல்லுங்க."

அக்கா, "ஆமாண்டா, நான் அதக் கவனிக்கலையே" என்றாள். அதைக் கேட்டபோது பேட்டரிக்காரருக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடிக்கத் தோதாக இன்னொருவர் தலையும் அந்தச் சமையலறையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பார்வையாளர் போகும்போது பையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்துக் குழாயின் வாயைச் சுற்றி ஒட்டினார். 'விசாரணையில் உள்ளது' என்று அதில் அச்சடித்திருந்தது. சனிக்கிழமை முழுக் குழு கூடித் தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் அதைத் திறக்கக் கூடாது. மூன்று நாட்கள் அக்கா பக்கத்து வீட்டில் குடம் கேட்டுத் தண்ணீர் தூக்கினாள். ஆனால் கைதான குழாயைத் தொடவில்லை. வெள்ளிநீரையும் விடவில்லை.

சனிக்கிழமை கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பட்டப்பகலில் திரைகளை இழுத்துவிட்டு மஞ்சள் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மேடையில் பதினொரு பேரும் முகத்தில் தாராளமாகப் பவுடர் அப்பியிருந்தார்கள். நடுவில் தலைவர், அவருக்கு மற்றவர்களைவிட இரண்டு கோட்டிங் அதிகம். கழுத்துவரை பித்தான் போட்டிருந்தார். மேஜையில் ஒரு ஜாடித் தண்ணீரும் மடித்த துண்டும் இருந்தன. ஓரத்தில் செயலாளர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தலைவர் எழுந்தார். அக்கா கைகூப்பினாள். நான்கு வருடங்களுக்கு முன் அவள் வாயில் முதல் ஸ்பூனை ஊற்றியது அவர் கைதான்.

"நண்பர்களே, பன்னிரண்டு வருஷத்துல நமக்கு முன்னூத்து நாப்பது புகார் வந்திருக்கு. முன்னூத்து நாப்பதுலயும் தண்ணிதான் குற்றவாளி. ஒண்ணுலகூட வெள்ளி மாட்டல. ஏன்? வெள்ளிய நாம சோதிச்சதே இல்ல. தப்பே பண்ணாத ஒருத்தர எதுக்குச் சோதிக்கணும்? அது அவமரியாதை இல்லையா?" கைதட்டல். "வெளியில சில டாக்டருங்க, எந்தத் தண்ணில போட்டாலும் வெள்ளி வெள்ளிதான்னு சொல்றாங்க. நானும் அதையேதான் சொல்றேன். எந்தத் தண்ணில போட்டாலும் வெள்ளி வெள்ளிதான். அப்ப மாறினது எது? தண்ணி!" பெரிய கைதட்டல். "வெள்ளிக்கும் ஒரு குழு வேணும்னு போன வருஷம் ஒரு உறுப்பினர் எழுதினாரு. நாம உடனே நடவடிக்கை எடுத்தோம். அவர் வீட்டுத் தண்ணியச் சோதிச்சோம். சரியில்ல. அவர நீக்கிட்டோம்."

பேட்டரிக்காரர் பையோடு மேடைக்குப் போனார். இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் மேஜை ஜாடியிலிருந்தே ஊற்றினார். இன்னொன்றில் சீல் உடைக்காத புதுக் கேனிலிருந்து. பேட்டரிக்கு என்று எதுவும் எழுதாத, மருந்துக் கடையில் வாங்கிய கேன். இரண்டிலும் கம்பிகளைத் தொங்கவிட்டுப் பேட்டரிகளை மாட்டினார்.

பத்து நிமிடத்தில் ஜாடித் தண்ணீரில் கம்பியைச் சுற்றி வெள்ளையாகப் புகை இறங்கி, டம்ளர் முழுக்கக் கலங்கிப் பால் போலானது. மற்றது தெளிவாகவே இருந்தது.

"பார்த்தீங்களா!" என்று தலைவர் பரவசமானார். "குற்றவாளி கண்ணு முன்னாடியே மாட்டிக்கிச்சு!" செயலாளர் விறுவிறுவென்று எழுதினார்.

"எழுதிக்கோங்க சார். உங்க தண்ணி கெட்ட தண்ணி, நான் ஒத்துக்கறேன்" என்றார் பேட்டரிக்காரர். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தார். ஒன்று புதுசு, தீக்குச்சிக் கனம். மற்றது முடி கனம். "இந்த மெலிஞ்ச கம்பி எங்க அக்காவோடது. நல்ல தண்ணில, உப்பு கிப்பு இல்லாம தொங்கினது. மூணரை வருஷத்துல இதுக்கு முன்னாடி ரெண்டு ஜோடி மாத்தியாச்சு. நான் படிக்காதவன். எனக்கு ஒரு கேள்விதான். தேஞ்சு போன கம்பி எங்க போச்சு?"

நாற்பது பேரும் மெதுவாகத் திரும்பி அக்காவின் கைகளைப் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் கைகளைப் பார்த்தார்கள். அக்கா தன் கைகளை மடியில் மறைக்கப் போய், மறைக்காமல் விட்டாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நல்ல தண்ணில கரைஞ்சா அது நன்மைதான். உடம்பு ஏத்துக்கும்."

"அப்படின்னா இதக் குடிங்க." பேட்டரிக்காரர் தெளிந்த டம்ளரை நீட்டினார். "நல்ல தண்ணி. இப்ப நீங்களே பார்த்தீங்க."

"எனக்கு வேணாம்."

"ஏங்க?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றார் தலைவர்.

அவர் அதைச் சொல்ல நினைக்கவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி, பழக்கத்தில் வந்துவிட்டது. செயலாளரின் பேனா நின்றது. முன்வரிசையில் அக்கா எழுந்தாள்.

"எந்த டாக்டருங்க?"

"தோல் டாக்டர்மா... அது வேற விஷயம்."

"எப்போ?"

"ஆறு வருஷம் இருக்கும். உக்காருங்கம்மா, உங்க தண்ணியப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்."

அக்கா உட்காரவில்லை. ஆறிலிருந்து நான்கைக் கழிக்க அவளுக்கு நேரம் பிடித்தது போல நின்றாள். பிறகு மேடைப் படி ஏறினாள். மேஜையில் இருந்த துண்டை எடுத்து, ஜாடியில் முக்கி, பிழிந்தாள். துணிக் கறையை எடுக்கும்போது எப்படிச் செய்வாளோ அப்படியே, தலைவரின் முகவாயை ஒரு கையால் பிடித்து, நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். அவர் சுதாரிப்பதற்குள் இரண்டாம் இழுப்பும் முடிந்தது.

மஞ்சள் விளக்கிலும் அது தெரிந்தது. சிலேட்டு நிறம். அக்காவின் நிறமேதான், இரண்டு படி கூட.

அவள் தன் கையை அந்தக் கன்னத்தின் பக்கத்தில் வைத்து, துணிக்கு நூல் பொருத்திப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இதப் பவுடருக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் எனக்கு ஊத்தினீங்களா? ஒரு குழந்தைக்கு ஊத்த இருந்தேங்க நான். ஸ்பூன் கழுவி வச்சிருக்கேன்."

அவள் துண்டை மேஜையில் போட்டாள். வெள்ளைத் துண்டில் பவுடர் மட்டும்தான் வந்திருந்தது, சாம்பல் துளியும் வரவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். வாசலை எட்டும்போது பின்னால் செயலாளர் தெளிவான குரலில் தீர்மானத்தைப் படிப்பது கேட்டது.

"தலைவரின் முகம் திடீரென்று நிறம் மாறியதைக் குழு கவலையோடு பதிவு செய்கிறது. துண்டை நனைத்த தண்ணீரே இதற்குக் காரணம் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

கைதட்டல் கேட்டது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குழாயில் இருந்த சிவப்புத் தாளை நகத்தால் கிளப்பிக் கிழியாமல் உரித்துத் தையல் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டினாள். குழாயைத் திறந்துவிட்டு, டம்ளரில் மிச்சமிருந்த வெள்ளிநீரையெல்லாம் ஊற்றிக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவள் அழுவது கேட்டது. பேட்டரிக்காரர் உள்ளே போகவில்லை. டப்பாவில் கிடந்த மூன்று பேட்டரிகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

திங்கட்கிழமை பேத்தி வந்தாள். அக்காவின் நிறத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்தும் இல்லை. அந்தச் சாம்பல் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள்.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தலைவரின் முகத்துக்கு நேர்ந்த சேதம் பற்றி விசாரணை நடப்பதாகவும், சம்பவத்தன்று ஜாடியில் இருந்த தண்ணீரின் மாதிரியை அக்கா உடனே அனுப்பிவைக்க வேண்டும் என்றும், தவறினால் உறுப்பினர் பதவி பறிபோகும் என்றும் எழுதியிருந்தது. ஜாடி சங்கத்துடையது. கூடவே அந்த நாற்பத்தொரு கேள்விப் படிவமும் இருந்தது.

"கிழிச்சுப் போடுக்கா" என்றார் பேட்டரிக்காரர்.

"இருடா." அக்கா மடியில் குழந்தையோடு பேனாவைத் தேடி எடுத்தாள். நாற்பது கேள்விகளை அப்படியே விட்டுவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். தண்ணீரின் குற்றம் என்ன?

'ஒன்றும் இல்லை' என்று எழுதினாள். 'வீட்டுக் குழந்தைக்கு அதைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறோம்.'

பிறகு தையல் மெஷினிலிருந்து அந்தச் சிவப்புத் தாளை உரித்து, படிவத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த சங்கத்தின் பெயர் மேல் வைத்து, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தித் தேய்த்தாள். பசை இன்னும் காயாமல்தான் இருந்தது. நன்றாக ஒட்டிக்கொண்டது.